ஐந்து புள்ளித் தமிழ்

குக்கர் வைக்க வேண்டாம் என்று வாணியிடம் சொன்னது போதுமா, அடுப்புப் பக்கமே தலைகாட்டாதே என்று சொல்லியிருக்க வேண்டுமா என்ற யோசனையோடுதான் ஜெனோவா மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். திரை, காத்திருக்கவும் என்றது. காத்திருப்பதற்கு அவளுக்கு இந்த நாட்டில் யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹெட்போனை மாட்டியதும் வீடு தூரமாகப் போய்விட்டது. ஹாலில் வாணி வெறுங்காலோடு நடப்பது மட்டும் எப்படியோ கேட்டது. சத்தம் போடக்கூடாது என்று நினைத்து நடக்கிறவர்களின் நடைக்குத் தனியாக ஒரு சத்தம் உண்டு. ஈரோட்டுப் பெண், படிக்க வந்து இன்னும் ஒரு குளிர்காலத்தைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. நான் வேணும்னா லைப்ரரிக்குப் போயிக்கட்டுங்களாக்கா என்று நேற்றே கேட்டாள். வேண்டாம், இரு என்றாள் ஜெனோவா. ஏன் இருக்கச் சொன்னோம் என்று இப்போது தோன்றியது. யாரும் இல்லாத வீட்டில் தனியாகப் பேசுவது பயமாக இருக்கும், அதனால்தான் என்று பதிலும் தோன்றியது. பரீட்சை நாளில் குக்கர் கூடாது என்பது டான்டினாங்கில் இருக்கும் இந்த வாடகை வீட்டின் சட்டம். சட்டம் போட்டவள் பானு. ஒரு காலத்தில் இந்த வீட்டில் ஆறு பேர் இருந்தார்கள், கட்டிலுக்கு ஒருவர், தரைக்கு ஒருவர் என்று. அப்போது பானுவுக்கு ஆங்கிலப் பரீட்சை, இதே மேஜையில், இதே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. யாரோ மறந்துபோய் பருப்பு வைத்துவிட்டார்கள். விசில் வந்த வேகத்தில், மறுமுனையில் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அம்மணி, அது தீ எச்சரிக்கையா, நீங்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டுமா என்று பதறிக் கேட்டாராம். பானு அசையாமல் உட்கார்ந்து, இல்லை, அது பருப்புதான் என்றாளாம். அந்த ஒரு வாக்கியம் எத்தனை மாதம் ஓடியது இந்த வீட்டில். ரயில் ரத்தானால் அது பருப்புதான். நேர்காணலில் கையைக் குலுக்கி, உங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை இருக்கிறதா என்று கடைசியாக ஒரு கேள்வி கேட்டு, இல்லை என்றதும் முகம் மாறாமல் தண்ணீர் வேண்டுமா என்று உபசரித்து அனுப்பினால், அதுவும் பருப்புதான். சுற்றுச்சூழல் பொறியியலில் முதுகலை வாங்கிய ஜெனோவா முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றப் போன முதல் நாள், பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்த பானு வேறொன்றும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது, பருப்புதாம்புள்ள என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

திரை இன்னமும் காத்திருக்கவும் என்றே சொன்னது. தண்ணீர் குடித்தாள். அதிகம் குடித்தால் நடுவில் எழுந்து போகவேண்டிவருமே என்று பாதியில் வைத்தாள். தமிழ்ப் பரீட்சை. சொன்னால் ஊரில் யார் நம்புவார்கள்? தமிழ் தெரியும் என்று நிரூபித்தால் நிரந்தர வசிப்புரிமைக்கான கணக்கில் ஐந்து புள்ளி. ஆங்கிலத்தில் ஒருவர் பேசுவார், தமிழில் ஒருவர் பேசுவார், இரண்டும் பதிவு செய்த குரல்கள். நடுவில் நின்று இவருடையதை அவருக்கும் அவருடையதை இவருக்கும் வாயால் மாற்றிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கேட்டதும், ஊதித் தள்ளிவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். சிட்னியிலிருந்து ஸூமில் வகுப்பெடுத்த சார் முதல் நாளே அதற்கு ஆப்பு வைத்துவிட்டார். வீட்டுக் கடனுக்கு இன்சூரன்ஸ் எடுப்பது பற்றி நாலு வரி கொடுத்துச் சொல்லச் சொன்னார். அவள் சொன்னதில் தமிழ் என்று இருந்தது 'பண்ணணும்' மட்டும்தான். சார் கோபப்படவில்லை. ரொம்ப நல்ல இங்கிலீஷும்மா, இதுக்கு வேற பரீட்சை இருக்கு என்றார். பிறகு ஒன்றொன்றாகப் படிக்க வைத்தார். காப்பீடு, அடமானம், ஒப்புதல், கல்லீரல். முப்பத்திரண்டு வருடம் தன் உடம்புக்குள் இருக்கிற கல்லீரலை அவள் தமிழில் கூப்பிட்டதே இல்லை. இன்னொன்றும் சார் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொல்றார், இவர் கேக்கறார்னு சொல்லாதீங்க, நான்னு சொல்லுங்க. டாக்டர் பேசினா நீங்க டாக்டர், கிழவர் பேசினா நீங்க கிழவர். கூட்டினாலும் மார்க் போச்சு, குறைச்சாலும் போச்சு. முக்கியமா கருணை காட்டாதீங்கம்மா, கருணைக்கு மார்க் கிடையாது. வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் எதற்கோ ஐந்து குறைந்தது. வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போகிற கணக்கில், கல்யாணம் ஆகாததற்குக்கூடப் புள்ளி உண்டு. அத்தை ஒவ்வொரு முறை போன் செய்து, இன்னும் ஒண்ணும் அமையலியா என்று இழுக்கும்போதும், அதுக்கு இங்க பத்து புள்ளி தர்றாங்க அத்தை என்று சொல்ல நாக்கு துடிக்கும். வருகிற பிறந்தநாளோடு வயதுக்கான புள்ளியில் ஐந்து போய்விடும். அதை நிரப்பத்தான் இந்த ஐந்து. விசாவும் பிறந்தநாளை ஒட்டியே முடிகிறது. இன்னொரு முறை பரீட்சை எழுத நாள் கிடைக்காது. இன்றைக்கு ஒரு பரீட்சை என்பதைத் தவிர அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னதில்லை. அவர் ஒவ்வொரு நாளும் மாதா கோயிலில் முதல் பூசை முடிந்து கூப்பிட்டு, வந்துருச்சாம்மா என்பார். வந்துரும்பா, ப்ராசஸ்ல இருக்கு என்பாள் அவள். ப்ராசஸ் என்ற சொல்லை அவர் கப்பல் என்பதுபோலப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று அவளுக்குச் சந்தேகம். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குகளை எண்ணிக் கணக்கெழுதும் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். வெளித்துறையில் நங்கூரம் போட்டு நிற்கும், இடம் கிடைத்தால் உள்ளே வரும், வராமல் எங்கே போய்விடும் என்று நினைத்துக்கொள்கிறார்போல.

திரையில் ஒரு முகம் வந்தது. காலை வணக்கம் சொல்லி, பெயர் கேட்டு, பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லி, அறையை ஒரு சுற்று காட்டுங்கள் என்றது. ஜெனோவா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, சின்னப் பிள்ளைக்கு வீடு காட்டுவதுபோல் மெதுவாகத் திரும்பினாள். திரையின் மூலையில் அவளுடைய அறை அவளுக்கே சின்னதாகத் தெரிந்தது. அதில் அவள் வாங்கியது என்று ஒன்றுமே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. மேஜை வைகுந்தன் அண்ணன் விட்டுப்போனது. அவருக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்து, நகரத்தின் மேற்கே புது வீடு கட்டிக்கொண்டு போன அன்று, இது ராசியான மேஜை, யாருக்கும் குடுத்துராத என்று சொல்லிப் போனார். ராசி அவரோடு போய்விட்டது போலிருக்கிறது. திரைச்சீலை யாருடையதோ. கம்பளி பானுவுடையது. பானு கீழக்கரைக்குத் திரும்பிப் போன நாளில் விமான நிலையத்தில் பெட்டியின் எடை கூடிவிட்டது. அவள் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் பார்க்க, முதலில் கம்பளியை எடுத்தாள், பிறகு குக்கரை எடுத்தாள். குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். நீயே வச்சிக்கபுள்ள, அங்கே உம்மாட்ட நாலு கெடக்கு என்றாள். ஜெனோவா குக்கரை மடியில் வைத்துக்கொண்டுதான் ரயிலில் வந்தாள். எதிரே இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், நல்ல சமையல் நடக்கப்போகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றாள். இந்த ஊரை எப்போது பிடித்துப்போனது? பிடித்துப்போக நேரமே கொடுக்கவில்லையே, எப்போது பார்த்தாலும் விசா, வேலை, விசா. ஆனாலும் செவ்வாய்க்கிழமைச் சந்தையில் கடைசி நேரத்தில் முருங்கைக்காயைக் கூவி விற்கும் வியட்நாம்காரம்மா. மழை பெய்து விட்டதும் யூகலிப்டஸ் மரங்களிலிருந்து வருகிற, தலைவலித் தைலம்போன்ற வாசனை. ஒரு கோடை இரவில் கரண்ட் போய், ஆறு பேரும் பின்புறப் புல்லில் பாய் விரித்துப் படுத்து, நம்மூர் கரண்ட் கட்டும் இங்கே வந்துருச்சுடா, அதுக்கு மட்டும் யாரு விசா குடுத்தா என்று வைகுந்தன் அண்ணன் சொல்ல, விடிய விடியச் சிரித்தது. ஊருக்குப் போய்விட்டால் ஊர் நினைப்பு என்று எது வரும்? இதுதான் வரும். அங்கே கடற்கரைச் சாலையில் நின்றுகொண்டு இந்தப் புல்லை நினைப்பாள். தூத்துக்குடியில் மாடியில் அவளுக்கென்று ஒரு அறை உண்டு. ரூம் அப்படியே இருக்காப்பா என்று எப்போதாவது கேட்பாள். அப்படியே இருக்கு, உன் கேரம் போர்டுகூட செவுத்துல சாத்துனபடி இருக்கு என்பார். அந்தக் கேரம் போர்டு இங்கே எத்தனையோ தூக்கம் வராத இரவுகளில் அவளுக்குத் துணை நின்றிருக்கிறது. போதும், நன்றி, மேஜைக்கு அடியிலும் காட்டுங்கள் என்றது முகம். காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை, ஒரு பழைய காலுறையைத் தவிர. அதுவும் யாருடையதென்று தெரியவில்லை.

முதல் உரையாடல் சுலபமாகத்தான் போனது. மணி அடித்ததும் பேச வேண்டும், பேசி முடித்ததும் அடுத்த குரல். ஒரு தமிழ்க் கடைக்காரர் நடைபாதையில் வாழைத்தார் அடுக்க அனுமதி கேட்கிறார், நகராட்சி அலுவலர் விதிகளைச் சொல்கிறார். நான் கடைக்காரி, நான் அலுவலர், மறுபடி நான் கடைக்காரி. விண்ணப்பம், அபராதம், ஒப்புதல் எல்லாம் படித்தபடி வந்து நாக்கில் உட்கார்ந்தன. நடைபாதையில் சக்கர நாற்காலி போக இடம் வேண்டும் என்று அலுவலர் சொன்னபோது இவள் மனசு ஒரு நொடி முதியோர் இல்லத்துத் தாழ்வாரத்துக்குப் போய்விட்டு வந்துவிட்டது, நல்லவேளை. இரண்டாவது உரையாடலில் ஒரு பெரியவர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. யாரோ ஒரு நடிகர், எழுதிக்கொடுத்ததை ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்திருப்பார், தெரிகிறது, ஆனாலும் குரல் குரல்தானே. எனக்குப் பசிக்கிறேல்லை டொக்டர், மனுசி போனாப் பிறகு வீட்டில சமையலும் இல்லை, ஒருத்தரும் கதைக்கவும் இல்லை என்றார். எனக்குப் பசிப்பதில்லை, என் மனைவி இறந்தபின் வீட்டில் சமைப்பதில்லை, என்னோடு பேச யாருமில்லை என்று ஜெனோவா ஆங்கிலத்தில் சொன்னாள். என் மனைவி என்று சொல்லும்போது தொண்டையில் அப்பாவின் குரல் மாதிரி ஒன்று வந்துபோனது. அவர் காலையில் என்ன சாப்பிடுகிறார்? கேட்டால் இட்லி என்பார். யார் சுடுகிறார்கள் என்று இதுவரை கேட்டதில்லை. மணி அடித்துவிட்டது, டாக்டர் பேசிவிட்டார், ஏதோ எடை குறைவது பற்றி. நல்லவேளை காது வாங்கி வைத்திருந்தது, சொல்லிவிட்டாள். பெரியவர், எனக்கு எப்ப சுகம் வரும் எண்டு சொல்லுங்கோ டொக்டர் என்றார். அதையும் சொல்லிவிட்டாள்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். சிகிச்சை பலன் தரவில்லை, நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது, இதைக் குணப்படுத்த முடியாது, இனி உங்களை வலியில்லாமல் வைத்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. மணி அடித்தது. வாயைத் திறந்தாள். மருந்து நாம் நினைத்த அளவுக்கு வேலை செய்யவில்லை, நோய் கல்லீரல் பக்கம் கொஞ்சம் பரவியிருக்கிறது, வலியில்லாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நல்லாயிரும். நல்லாயிரும் என்றது யார்? டாக்டர் சொல்லவில்லை. கொஞ்சம் என்றும் அவர் சொல்லவில்லை. அந்தச் சொற்கள் எங்கேயிருந்து வந்தன என்று அவளுக்குத் தெரியும். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் மாடிப்படிக்குக் கீழே, ஸ்டாண்டில் தொங்குகிற குளுக்கோஸ் பாட்டிலைத் தள்ளிக்கொண்டு யாரோ போக வழிவிட்டு நின்றபடி, டாக்டர் அம்மாவைப் பற்றி அப்பாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார், அவள் பக்கத்தில் நின்றாள், கல்லூரி கடைசி வருடம். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படியேறி உள்ளே போனார்கள். வெறும் புண்ணுதான், மாத்திரையில சரியாயிரும் என்று அப்பா சொன்னார். ஆமாம்மா, நல்லாயிரும் என்று அவள் சொன்னாள். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. எந்தக் குடும்பத்திலும் யாரும் பேசி வைத்துக்கொள்வதில்லை, அது தானாக வருகிறது, பெரியவர்கள் முகத்துக்கு நேராக அதை எப்படிச் சொல்வது, வாய் அதற்கென்று வளைந்தே வளர்ந்திருக்கிறது. அம்மா, அப்ப சரி என்றாள். ஃபேனைக் குறைக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, அப்பாவுக்கு மீன் ஆயத் தெரியாது, நீ சொல்லிக்குடு என்றாள். ஆக அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அவள் இவர்களுக்காக அப்ப சரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள், மூன்று பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க அந்த அறையில் இருந்தார்கள். கடைசிவரை ஒருவரிடம் ஒருவர் ஒன்றுமே பேசவில்லை. எவ்வளவு பேசியிருக்கலாம்.

திரையில் அந்த முகம் காத்திருந்தது. முடித்துவிட்டீர்களா என்று கேட்கப்போகிறது, புருவம் அதற்குத் தயாராகிறது. திருத்திச் சொல்லலாம், ஆனால் திருத்தினால் மார்க் குறையும் என்று சார் சொல்லியிருக்கிறார். திருத்தாமல் விட்டால் டாக்டர் சொல்லாததைச் சொன்னதற்கு அதைவிட அதிகம் குறையும். மார்க் கிடக்கட்டும், அந்தப் பெரியவர்? அவர் ஒரு நடிகர் என்று ஒரு மனசு சொன்னது. வீட்டுக்குப் போய் நல்லாயிரும் நல்லாயிரும் என்று மருந்தை முழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, யாருக்கும் போன் செய்யாமல், வரவேண்டிய ஆட்களை வரச்சொல்லாமல் என்று இன்னொரு மனசு சொன்னது. மன்னிக்கவும், திருத்திச் சொல்கிறேன் என்றாள் ஜெனோவா. சிகிச்சை பலன் தரவில்லை. நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. இதைக் குணப்படுத்த முடியாது. இனி உங்களை வலியில்லாமல் வைத்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. ஒவ்வொரு வாக்கியமும் வெளியே வரும்போது, நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்த ஏதோ உரிந்துகொண்டு வந்தது. அடுத்து பெரியவரின் குரல் வந்தது. எழுதிக்கொடுத்ததுதான், இவள் திருத்தியதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நேராச் சொன்னதுக்கு நன்றி டொக்டர், மகளுக்கு ஃபோன் எடுக்கோணும் என்றார் அவர்.

முகம் நன்றி சொல்லி, முடிவு சில வாரங்களில் வரும் என்று சொல்லி மறைந்தது. ஹெட்போனைக் கழற்றினாள். காது சூடாக இருந்தது. வீடு பழையபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது, பிரிட்ஜின் முனகல், வெளியே மேக்பை பறவை ஒன்று தொண்டைக்குள் தண்ணீர் வைத்துக்கொண்டு பாடுவதுபோல் பாடியது. அவள் எழுந்திருக்கவில்லை. கதவு ஒரு விரல் அளவு திறந்தது, வாணியின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. முடிஞ்சுதுங்களாக்கா, பருப்பு ஊற வெச்சுட்டேன், குக்கரு வெச்சரட்டுங்களா என்று கிசுகிசுத்தாள், பரீட்சை முடிந்தபிறகும். வை என்றாள் ஜெனோவா. கண் போய்விட்டது. அடுத்த நிமிஷம் போன் அடித்தது, முதல் பூசை முடிந்திருக்கும், பனிமய மாதா கோயில் வாசலில் நின்று கூப்பிடுகிறார், பின்னால் யாரோ சைக்கிள் மணி அடிக்கிறார்கள், காற்று ஒலிவாங்கியில் புகுந்து இரைந்தது. எப்படிம்மா பண்ணுன, நல்லாப் பண்ணுனியா, வந்துரும்லா என்றார் அப்பா. வந்துரும்பா என்று வாய் வளைந்துகொண்டு போனது. பாதி வழியில் நிறுத்தினாள்.

"தெரியலப்பா. நடுவுல ஒரு இடத்துல தப்பாச் சொல்லித் திருத்தினேன், அதுக்குக் குறைப்பாங்க. இது போச்சுன்னா அப்புறம் வழியில்ல. விசா முடியுது. நான் ஊருக்கு வர வேண்டியிருக்கும்."

அவர் நடந்து வேறெங்கோ போகிறார் போலிருந்தது, சைக்கிள் மணி தூரமானது. சொல்லியிருக்கக்கூடாதோ, எழுபது வயது மனுஷனிடம், கோயில் வாசலில் வைத்து. படிக்கட்டு இருக்கும் அங்கே, உட்கார்ந்துகொண்டாரா? இப்போதுகூட ஒரு நல்லாயிரும் சொல்லி ஒட்டிவிடலாம். அவள் சொல்லவில்லை.

"சரி," என்றார் அப்பா. பிறகு, "மாடி ரூம்ல ஆள் இருக்காங்க மக்கா. போன வருசமே விட்டுட்டேன். பேங்க்ல வேல பாக்கிற பிள்ளை, அதோட அம்மா. உன்ட்ட சொல்லல."

கேரம் போர்டு எங்கே என்று கேட்க வந்தது. ஏன்ப்பா என்றாள்.

"வீட்டுல ஒரு சத்தம் கெடையாது. இப்ப காலையில மேல குக்கர் விசில் கேக்கும். சரி, ஆளு இருக்குன்னு எந்திச்சு உக்காந்துருவேன்." சின்னக் குரலில், "அந்தப் பிள்ளதான் எனக்கும் ரெண்டு இட்லி குடுத்து விடுது. காலி பண்ணச் சொல்லட்டா?"

ஜன்னலுக்கு வெளியே அந்தப் புல். கரண்ட் போன இரவில் ஆறு பேர் படுத்திருந்த இடம் எது என்று அவளால் காட்ட முடியும், வேலியிலிருந்து இத்தனை தூரம், தலை இந்தப் பக்கம். மாடியில் அவளுக்கென்று அறை இல்லை, இந்த நாட்டிலும் அவளுக்கென்று ஒன்றும் இன்னும் இல்லை.

"வேண்டாம்ப்பா, இருக்கட்டும். வந்தா கீழ ஹால்ல உங்க பக்கத்துல பாய போட்டுக்கிடுதேன்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அடுப்படியில் பானுவின் குக்கர் நீளமாக, வீடே அதிர, வெட்கமில்லாமல் விசிலடித்தது.

"அது என்னம்மா சத்தம்?"

"பருப்புதாம்ப்பா," என்றாள் ஜெனோவா. அடுத்த விசில் வரட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.